ஒன்றையொன்று மறிக்கும் இலக்குகள்: பிரித்துப் பார்த்துச் சரிசெய்ய ஒரு வழிகாட்டி

"செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது, எதையும் செய்வதில்லை, ஆனாலும் நாள் முழுக்கக் களைப்பாக இருக்கிறது." இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் தங்களைச் சோம்பேறி என்றே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒழுங்கு போதவில்லை என்று புதிதாக ஒரு தீர்மானம் எடுக்கிறார்கள், அட்டவணை போடுகிறார்கள், அதுவும் கொஞ்ச நாளில் நின்றுபோகிறது. இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. இவர்களில் பலருக்கு மனஉறுதிக்குக் குறைச்சலே கிடையாது. அவர்களுடைய இலக்குகளில் இரண்டு எங்கேயோ ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நிற்கின்றன. அதைக் கண்டுபிடிக்காமல் எவ்வளவு முயன்றாலும் அந்த முயற்சியே மோதலுக்குத் தீனியாகிவிடுகிறது.

உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், லாரா கிங் இருவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே தொட்டது. வாழ்க்கையில் எதற்காகவெல்லாம் முயல்கிறீர்கள் என்று பட்டியல் எழுதச் சொன்னார்கள். பிறகு அந்தப் பட்டியலில் எது எதோடு மோதுகிறது என்று எழுதியவர்களையே மதிப்பிடச் சொன்னார்கள். மோதல் அதிகம் இருந்தவர்களிடம் மனக்கலக்கமும் உடல் உபாதைகளும் அதிகமாகக் காணப்பட்டன. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் கண்ட இன்னொரு விஷயம்: மோதலில் சிக்கிய இலக்குகளைப் பற்றி ஆட்கள் அதிகம் யோசித்தார்கள், அவற்றுக்காகக் குறைவாகச் செயல்பட்டார்கள். ஒன்றும் செய்யாமலே களைத்துப்போவது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வும் மொத்தத்தில் இதே பக்கம்தான் சாய்ந்தது. இலக்கு மோதல் கூடினால் மனநலம் குறைவாக இருக்கிறது. ஆனால் இது இரு பக்கமும் ஓடக்கூடிய தொடர்பு என்பதை மறக்க வேண்டாம். மனம் சோர்ந்திருக்கும்போது எல்லாமே எல்லாவற்றோடும் மோதுவதாகத் தெரியும். அதனால் கீழே வரும் வேலையை ரொம்ப மோசமான ஒரு நாளில் தொடங்காதீர்கள். ஓரளவு தூங்கி எழுந்த, அவசரமில்லாத ஒரு நாள் போதும். ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம்.

படி 1: எதற்காக முயல்கிறீர்கள் என்று எழுதுங்கள்

"நான் வழக்கமாக ... முயல்கிறேன்" என்ற வாக்கியத்தை எட்டு பத்து முறை நிரப்புங்கள். பெரிய கனவுகள் மட்டும் வந்தால் பட்டியல் பொய்யாகிவிடும். அன்றாடம் நீங்கள் உண்மையிலேயே எதன் பின்னால் ஓடுகிறீர்களோ அதெல்லாம் வர வேண்டும். சண்டை வராமல் பார்த்துக்கொள்வது, எல்லோருக்கும் நல்லவராக இருப்பது, தனியாகக் கொஞ்ச நேரம் கிடைப்பது, எல்லாமே இலக்குதான்.

வெளியே சொல்லத் தயங்கும் இலக்குகளைப் பிடிக்க ஒரு வழி உண்டு. போன வாரம் நேரமும் பணமும் எங்கே போயின என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று அங்கே கணிசமாக இடம் பிடித்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே மேலே போவோம். அலுவலக வேலை, பகுதிநேர மேற்படிப்பு, பள்ளிக்குப் போகும் மகன் என்று நாட்களை ஓட்டும் ஒரு பெண். அவர் எழுதும் பட்டியல் இப்படி இருக்கலாம்:

- வேலையில் அடுத்த நிலைக்குப் போக முயல்கிறேன்
- படிப்பை இந்த வருடமே முடிக்க முயல்கிறேன்
- மாலை நேரத்தில் மகனோடு இருக்க முயல்கிறேன்
- கடனை அடைக்க முயல்கிறேன்
- முதுகுவலி குறைய தினமும் நடக்க முயல்கிறேன்
- அம்மா கேட்டதற்கெல்லாம் முடியாது என்று சொல்லாமலிருக்க முயல்கிறேன்
- நாலு பேர் வாயில் விழாமலிருக்க முயல்கிறேன்

படி 2: கட்டம் போடுங்கள்

பட்டியலை இடது பக்கம் மேலிருந்து கீழாகவும், அதே பட்டியலை மேலே இடமிருந்து வலமாகவும் எழுதிக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு கேள்வி: "இடது பக்கம் இருப்பதில் நான் வெற்றி பெற்றால், மேலே இருப்பதற்கு அது உதவுமா, கெடுக்குமா?" நன்றாக உதவும் என்றால் +2, ஓரளவு என்றால் +1, சம்பந்தமில்லை என்றால் 0, கொஞ்சம் கெடுக்கும் என்றால் −1, பெரிதாகக் கெடுக்கும் என்றால் −2.

ஓர் இலக்கு தன்னையே சந்திக்கும் கட்டங்களை விட்டுவிட்டால், ஏழு இலக்குக்கு 42 கட்டங்கள் வரும், பத்துக்கு 90. அலுப்பான வேலைதான். ஆனாலும் குறுக்கு வழி தேடாதீர்கள், இதன் பயனே ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியாக நிறுத்தி வைத்துக் கேட்பதில்தான் இருக்கிறது. மனதுக்குள் யோசித்தால் பழக்கப்பட்ட சண்டையே திரும்பத் திரும்ப வரும். வேலையா குடும்பமா, பணமா நிம்மதியா என்று. கட்டம் போட்டால்தான் நாம் கேட்டே இராத ஜோடிகள் கண்ணில் படும்.

இரு திசையிலும் ஒரே எண் வர வேண்டியதில்லை. அந்தப் பெண்ணுக்குப் பதவி உயர்வு கிடைத்தால் கடன் அடைய உதவும், +2. கடன் அடைந்தால் பதவி உயர்வுக்கு ஒன்றுமில்லை, 0. படிப்பை இந்த வருடம் முடிப்பது மாலை நேரத்தைத் தின்றுவிடும், −2. மகனோடு மாலையைக் கழிப்பது படிப்பைக் கெடுக்கும், −1. தினசரி நடை படிப்பைக் கெடுக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கலாம். உட்கார்ந்து எண் போடும்போது, முதுகுவலி இல்லாத நாட்களில் கூடுதலாக ஒரு மணி நேரம் படிக்க முடிகிறது என்பது நினைவுக்கு வந்து அங்கே +1 விழுகிறது.

பிறகு வரிசை வரிசையாகக் கூட்டுங்கள். அவருடைய தாளில் மிக அதிகமான மைனஸ் படிப்பு வரிசையில் இல்லை. 'நாலு பேர் வாயில் விழாமலிருக்க' என்ற வரிசையில், கிட்டத்தட்ட எல்லாக் கட்டத்திலும் மைனஸ். யார் கூப்பிட்டாலும் போய் நிற்பதில் நடைப்பயிற்சி போகிறது, படிப்பு போகிறது, அவ்வப்போது பணமும் போகிறது. இலக்கு என்றே அவர் கணக்கில் எடுத்திராத ஒன்று மற்ற எல்லாவற்றையும் அரித்துக்கொண்டிருக்கிறது.

படி 3: எந்த வகை மோதல் என்று பிரியுங்கள்

மைனஸ் இரண்டு விழுந்த கட்டங்களை மட்டும் எடுங்கள். அவை எல்லாம் ஒரே ஜாதி கிடையாது.

சில மோதல்கள் நேரம், பணம், தெம்பு ஆகியவை போதாததால் வருபவை. நாளில் இன்னும் நான்கு மணி நேரம் கிடைத்தால் இந்த மோதல் தீர்ந்துவிடுமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் இது பங்கீட்டுப் பிரச்சினை. எரிச்சலூட்டும், ஆனால் தீர்க்கக்கூடியது.

சில மோதல்கள் தன்மையிலேயே எதிரானவை. எல்லோரையும் திருப்திப்படுத்துவதும் மனதில் பட்டதை வெளிப்படையாகப் பேசுவதும் அப்படி. நாளுக்கு நாற்பது மணி நேரம் கிடைத்தாலும் இவை ஒத்துப்போகாது. நேர மேலாண்மை அறிவுரைகள் இங்கே பலிக்காது. பலிக்கவில்லையே என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளவும் வேண்டாம்.

மூன்றாவது வகையைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். ஒரே இலக்கை வேண்டும் என்றும் நினைப்போம், வேண்டாம் என்றும் நினைப்போம். இரண்டு நல்லவற்றுக்கு இடையே தவிப்பது, இரண்டு கெட்டவற்றுக்கு இடையே மாட்டிக்கொள்வது, ஒரே பொருள் இழுக்கவும் விரட்டவும் செய்வது என்று மோதல்களை 1930-களிலேயே பிரித்துக் காட்டியவர் உளவியலாளர் குர்ட் லெவின். இந்த மூன்றாவதை 1940-களில் நீல் மில்லர் என்ற உளவியலாளர் இன்னும் ஆழமாகப் பார்த்தார். எலிகளை வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து அவர் சொன்னது இதுதான்: இலக்கை நெருங்க நெருங்க ஆசையும் கூடும், பயமும் கூடும், ஆனால் பயம் செங்குத்தாக ஏறும். ஆகவே தூரத்தில் இருக்கும்போது ஆசை ஜெயிக்கும், கிட்டே போனதும் பயம் ஜெயிக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் முன்னும் பின்னுமாக அலைவதுதான் மிச்சம்.

விண்ணப்பப் படிவத்தைக் கடைசிப் பக்கம் வரை நிரப்பிவிட்டு அனுப்பாமல் மூடி வைப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கடைசித் தேதி தாண்டியதும் "அடடா, அனுப்பியிருக்கலாமே" என்று உண்மையாகவே வருந்துவார். அது நடிப்பும் இல்லை, சோம்பலும் இல்லை. தூரம் கூடியதும் பயம் இறங்கிவிட்டது, ஆசை மறுபடி தலைதூக்குகிறது. இப்படிப்பட்டவருக்கு ஊக்கப் பேச்சுகளைக் கேட்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஆசையைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் கிட்டே போவார், அங்கே பயமும் இன்னும் அதிகமாக இருக்கும், தவிப்புதான் பெரிதாகும். பயத்தின் பக்கம் வேலை செய்ய வேண்டும். கிடைத்துவிட்டால் எது போய்விடும் என்று பயப்படுகிறீர்கள்? கிடைக்காவிட்டால் யார் முகத்தில் எப்படி விழிக்க வேண்டும் என்று பயப்படுகிறீர்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். முதல் கேள்வியின் விடை பலரையும் திடுக்கிட வைக்கும்.

படி 4: ஒரு தளம் மேலே போய்க் கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆய்வாளர் வில்லியம் பவர்ஸ் 1973-ல் எழுதிய நூலில், மனிதரின் நோக்கங்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன என்ற கோட்பாட்டை முன்வைத்தார். கீழே இருக்கும் ஒவ்வொரு நோக்கமும் மேலே இருக்கும் ஏதோ ஒன்றுக்காக வேலை செய்கிறது. ஒரே தளத்தில் இரண்டு நோக்கங்கள் மோதும்போது, அந்தத் தளத்திலேயே நின்று யாருக்கு வெற்றி என்று பார்த்தால் தீராது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கமும் அதே அளவு அழுத்தும். அவற்றை ஏவிவிட்ட மேல் தளத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். டிம் கேரி உள்ளிட்ட சிகிச்சையாளர்கள் இதை வைத்தே ஒரு சிகிச்சை முறையை வளர்த்திருக்கிறார்கள். நாம் செய்யப்போவது அதன் எளிய வடிவம்கூட இல்லை, அந்த யோசனையை மட்டும் கடன் வாங்குகிறோம்.

மோதும் இரண்டு இலக்குகளையும் தனித்தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றிடமும் "இது எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே போங்கள். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணின் முதல் தாள்:

படிப்பு இந்த வருடமே முடிய வேண்டும். எதற்கு? முடித்தால் அடுத்த பதவிக்கு விண்ணப்பிக்கலாம். எதற்கு? சம்பளம் கூடும், கடன் அடையும். எதற்கு? வீட்டில் மாதக் கடைசியில் வரும் பதற்றம் போகும்.

இரண்டாவது தாள்: மாலையில் மகனோடு இருக்க வேண்டும். எதற்கு? அவன் வளரும் நேரம் இது, பேச ஆள் வேண்டும். எதற்கு? வீடு என்றால் அவனுக்கு நிம்மதியான இடமாகத் தெரிய வேண்டும்.

இரண்டு தாளும் மேலே போய் ஒரே இடத்தில் சேர்கின்றன, பதற்றமில்லாத வீடு. அப்படியானால் படிப்பும் மகனும் எதிரிகள் இல்லை. பிறகு எதுதான் மோதுகிறது? முதல் தாளை மறுபடி படித்தால் 'இந்த வருடமே' என்ற சொல் மட்டும் எந்தக் கேள்விக்கும் விடையாக நிற்கவில்லை என்று தெரியும். கடன் அடைய அடுத்த வருடம் முடித்தாலும் போதும். இந்த வருடமே என்பது கூடப் படிப்பவர்கள் முடித்துவிடுவார்களே, கேட்பார்களே என்பதிலிருந்து வந்தது. ஆக, அது ஏழாவது இலக்கின் வேலை.

எப்போதும் இப்படி இதமாக முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில நேரம் இரண்டு தாளும் மேலே வரை போனாலும் சேராது. வேறொரு நாட்டில் போய் வாழ வேண்டும் என்பதும், வயதான பெற்றோரின் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் இரண்டு வேறு மதிப்புகளில் போய் நிற்கலாம். அங்கே தேர்வு செய்துதான் ஆக வேண்டும், எதைத் தேர்ந்தாலும் ஓர் இழப்பு இருக்கும். அதை முன்கூட்டியே இழப்பு என்று ஒப்புக்கொண்டு தேர்ந்தெடுப்பவர்கள், இரண்டையும் விடாமல் வருடக்கணக்கில் தொங்கிக்கொண்டிருப்பவர்களைவிட நல்ல நிலையில் இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

படி 5: யாருடைய இலக்கு?

இது சின்னப் படி. ஒவ்வொரு இலக்கின் பக்கத்திலும் ஏன் முயல்கிறீர்கள் என்பதை நான்கில் ஒன்றாகக் குறியுங்கள்: பிறர் வற்புறுத்துகிறார்கள், செய்யாவிட்டால் குற்ற உணர்வு வரும், முக்கியம் என்று நானே நம்புகிறேன், செய்வதே பிடித்திருக்கிறது. கென்னன் ஷெல்டனும் ஆண்ட்ரூ எலியட்டும் 1999-ல் இந்த நான்கு காரணங்களை வைத்துத்தான் ஆராய்ந்தார்கள். கடைசி இரண்டு காரணங்களுக்காகத் தொடரும் இலக்குகளுக்கு மக்கள் நீடித்த உழைப்பைப் போட்டார்கள், அடைந்தபோது கிடைத்த நிறைவும் அதிகம். பெரிய மைனஸ் போடும் வரிசை முதல் இரண்டில் விழுந்தால், முதலில் கைவைக்க வேண்டிய இடம் அதுதான்.

அப்படியே 'கூடாது', 'இல்லாமல்' என்று முடியும் இலக்குகளையும் பாருங்கள். தவிர்ப்பதையே இலக்காக வைப்பவர்களிடம் மனநிறைவு குறைவாக இருப்பதை 1997-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இவற்றுக்கு முடிவே இல்லை, இன்று யார் வாயிலும் விழவில்லை என்றாலும் நாளைக்கு உத்தரவாதம் கிடையாது. முடிந்தால் திருப்பி எழுதுங்கள். 'நாலு பேர் வாயில் விழாமலிருக்க' என்பதை 'நான் மதிக்கும் இரண்டு மூன்று பேரோடு நெருக்கமாக இருக்க' என்று மாற்றினால் கட்டத்தில் எண்களே மாறிவிடும்.

படி 6: ஒன்றை மாற்றுங்கள், தேவைப்பட்டால் ஒன்றை விடுங்கள்

இப்போது கையில் இருப்பவை: மோதும் ஜோடி, அதன் வகை, அதற்கு மேலே இருக்கும் நோக்கம். செய்யக்கூடியவை சிலதான். ஒன்றைத் தள்ளிப்போடலாம், ஒன்றின் அளவைக் குறைக்கலாம், இரண்டுக்கும் சேர்த்து உதவும் ஒரு செயலைத் தேடலாம், ஒன்றை விடலாம்.

சேர்த்துச் செய்யும் வழியைப் பலரும் முதலில் நாடுவார்கள், அதில் தவறில்லை. மகனோடு சேர்ந்து நடக்கப் போவது நல்ல யோசனைதான். ஆனால் மிஷேலா ரீடிகரும் அலெக்ஸாண்ட்ரா ஃப்ராய்ண்டும் 2004-ல் வெளியிட்ட ஆய்வுகளை மனதில் வையுங்கள். இலக்குகள் ஒன்றுக்கொன்று உதவும்போது மக்கள் அவற்றுக்காக அதிகம் செயல்பட்டார்கள். மனநிலை பாதிக்கப்பட்டதோ மோதலோடுதான் தொடர்பு கொண்டிருந்தது. உதவும் ஜோடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வேலை நடக்கும், ஆனால் பழைய மோதல் அப்படியே இருந்தால் அதன் உறுத்தலும் இருக்கும்.

விடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் தோல்வி என்றே நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கார்ஸ்டன் ரோஷும் அவருடைய சகாக்களும் 2003-ல் இதை இரண்டு தனித்தனித் திறமைகளாகப் பார்த்தார்கள்: எட்ட முடியாத இலக்கிலிருந்து முயற்சியையும் மனதையும் எடுப்பது ஒன்று, பொருளுள்ள வேறொன்றில் அவற்றைப் போடுவது இன்னொன்று. இந்த இரண்டும் கைவரப்பெற்றவர்களின் மனநலம் மேலாக இருந்தது. முயற்சியை மட்டும் நிறுத்திவிட்டு மனதை எடுக்காமல் இருப்பதுதான் நம்மில் பலர் செய்வது. அது விட்டதாகாது.

விட்ட பிறகு என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எரிக் கிளிங்கர் 1975-ல் எழுதியபடி, கைநழுவும் ஒன்றுக்காக முதலில் இன்னும் வேகமாக முயல்வோம், பிறகு எரிச்சல் வரும், பிறகு மனம் தாழும், அப்புறம்தான் மீட்சி. ஆகவே விட்ட சில வாரங்களில் மனம் கனத்தால் தவறான முடிவு எடுத்துவிட்டோம் என்று உடனே ஓடிப்போய் மறுபடி பிடித்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கனம் பெரும்பாலும் வழியில் வரும் ஒரு கட்டம்.

படி 7: ஒன்றுக்கு மட்டும் திட்டம் போடுங்கள்

"இந்த நேரத்தில், இந்த இடத்தில், இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று எழுதும் திட்டங்கள் பலன் தருபவை. பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 2006-ல் 94 சோதனைகளைத் தொகுத்து அதைக் காட்டினார்கள். இன்னும் முடிக்காமல் கிடக்கும் வேலைக்கு ஒரு தெளிவான திட்டம் போட்டாலே அது மனதை அரிப்பது குறைகிறது என்று 2011-ல் மசிகம்போ, பாமைஸ்டர் இருவரும் கண்டார்கள். ஆனால் ஏமி டால்டன், ஸ்டீஃபன் ஸ்பில்லர் 2012-ல் பார்த்தது, ஒரே நேரத்தில் பல இலக்குகளுக்கு இப்படித் திட்டம் போட்டால் அந்தப் பலன் கிடைப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்த்ததும் இத்தனையும் செய்வது எவ்வளவு கடினம் என்பதுதான் மனதில் நிற்கிறது. எனவே எல்லாவற்றுக்கும் அட்டவணை போடும் ஆசையை அடக்குங்கள். படி 6-ல் எடுத்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள்: "செவ்வாய்க்கிழமை மதிய இடைவேளையில், படிப்பின் கடைசிப் பாடத்தை அடுத்த வருடத்துக்கு மாற்ற விண்ணப்பம் அனுப்புவேன்."

கட்டத்தால் தீராதவை

சில மோதல்கள் உங்களுக்குள் இல்லவே இல்லை. ஒருவர் மேல் இரண்டு ஆள் வேலையைச் சுமத்தும் இடத்தில், வீட்டு வேலை முழுக்க ஒருவர் தலையில் விழும் இடத்தில், கட்டம் போட்டு மனதைச் சரிசெய்வது அநியாயத்துக்குத் துணைபோவதாகிவிடும். அங்கே அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய் எதிரே இருப்பவரிடம் காட்டிப் பேசுங்கள். எது எதைக் கெடுக்கிறது என்று எண்ணோடு காட்டினால் குற்றச்சாட்டாகக் கேட்காமல் கணக்காகக் கேட்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று. பட்டியலே எழுத வரவில்லை, எதுவும் வேண்டும் என்று தோன்றவில்லை, இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருக்கிறது என்றால் இந்தப் பயிற்சியை ஒதுக்கி வைத்துவிட்டு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றே யாரிடமாவது சொல்லி உதவி கேளுங்கள், ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

மற்றபடி, மூன்று மாதம் கழித்து ஒரு புதுத் தாளில் பழைய எண்களைப் பார்க்காமல் மறுபடி கட்டம் போடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து, மாற்றம் செய்த அந்த ஜோடியை மட்டும் பாருங்கள். −2 இருந்த இடத்தில் −1 வந்திருந்தாலே வேலை நடந்திருக்கிறது, அடுத்த ஜோடிக்குப் போகலாம். எண் அசையவே இல்லை என்றால் பெரும்பாலும் மோதலின் வகையைத் தவறாகப் பிரித்திருப்போம், படி 3-லிருந்து மறுபடி பாருங்கள்.